பொரியின் எடை

நவம்பர் 4, செவ்வாய்

டாக்டர் எழுதிவைக்கச் சொன்னதால் எழுதுகிறேன். தினமும் காலையில் எடை, என்ன தின்றது, மருந்து கொடுத்த நேரம், மூச்சு எப்படி இருக்கிறது. பாதி தீர்ந்த நோட்டு ஒன்றில் நான்கு பத்தி கோடு போட்டிருக்கிறேன்.

எடை: 43 கிராம். தீபாவளிக்கு முன்பு 52 இருந்தது.

தின்றது: இரண்டு சூரியகாந்தி விதை. ஒன்றை உரித்துவிட்டு அப்படியே வைத்துவிட்டது.

மூச்சு: காதருகே வைத்தால் நமுத்த தீக்குச்சியை உரசுவதுபோல ஒரு சத்தம்.

பொரி ஒரு வெள்ளை ஹாம்ஸ்டர். என் கட்டைவிரல் இரண்டும் சேர்ந்த அளவு. டிபன் டப்பா மூடியில் துளை போட்டு அதை அரசு கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துப் போனேன். எனக்கு முன்னால் ஒரு ஜெர்சி மாடு, பின்னால் ஆட்டோடு ஓர் அம்மாள். டப்பாவை எட்டிப் பார்த்தவர், "ஏம்மா, இது எலிதானே?" என்றார். ஆமாம் என்றேன். "எங்க ஊட்டு மச்சுல இருவது ஓடுது. ஒண்ணுக்குக்கூட நான் சீட்டு வாங்குனதில்ல" என்றார். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். என் முறை வந்தபோது அந்த அம்மாள்தான் ஆட்டைத் தூணில் கட்டிவிட்டு வந்து எனக்காக மூடியைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டருக்கு முப்பது வயது இருக்கும். ஸ்டெதஸ்கோப்பின் வாய் பொரியைவிடப் பெரியது. நெஞ்சில் சளி, வயதும் ஆகிவிட்டது, இந்த இனத்துக்கு ஆயுளே இரண்டு வருஷம்தான் என்றார். காலையும் மாலையும் இரண்டு சொட்டு மருந்து. பத்து நாள் பார்க்கலாம் என்றார்.

பத்து நாள் போதாது. எனக்குப் பதினேழு நாள் வேண்டும். என் மகள் இந்துஜாவுக்குப் பத்தாம் தேதி செமஸ்டர் பரீட்சை தொடங்கி இருபத்தொன்றில் முடிகிறது. அதுவரை பொரி இருக்க வேண்டும். டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை.

நவம்பர் 5, புதன்

எடை 42. நிறுப்பது அவருடைய பட்டறைத் தராசில். என் கணவர் குணசீலன் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். வெள்ளி நிறுக்கும் சின்னத் தராசு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். புள்ளிக்கு அப்புறம் இரண்டு எண் காட்டும். பொரி மூச்சுவிடும்போது கடைசி எண் மாறிக்கொண்டே இருக்கிறது. அது மாறுகிறவரை எனக்கு நிம்மதி.

"சின்னப் பாப்பாவுக்கு ஒரு ஜோடி கொலுசு" என்றார் எடையைப் பார்த்து. எலிப்பொறி வாங்குகிற ஊரில் எலிக்கு வீடு வாங்கிய குடும்பம் நாம்தான் என்று ஒரு வருஷத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறவர். இன்று மருந்து ஊற்றும்போது அதன் பிடரியை அவர்தான் பிடித்தார். கம்பி முறுக்கிப் பழகிய விரல்களுக்கு அழுத்தாமல் பிடிக்கவும் தெரிகிறது.

இந்தப் பக்கம் டாக்டருக்கு இல்லை. எடையை மட்டும் வேறு தாளில் எடுத்தெழுதிக் கொடுக்க வேண்டும்.

போன வருஷம் ஜூன் மாதம் நடந்ததை நான் எழுதப் போவதில்லை. மருத்துவப் படிப்புக்கான பரீட்சையில் இந்துவுக்கு இரண்டாவது முறையும் மதிப்பெண் வரவில்லை. அப்புறம் ஒரு வியாழக்கிழமை. அப்புறம் ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. அவ்வளவு போதும். வீட்டுக்கு வந்தபின் ஒரு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஏதாவது ஓர் உயிரை அவள் பொறுப்பில் விடுங்கள் என்று ஆலோசகர் அம்மா சொன்னார். வாடகை வீட்டில் நாய் முடியாது. அலங்கார மீன் கடையின் மூலையில் பொரி இருந்தது. முதல் வாரம் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எட்டாம் நாள் காலை எழுந்து வந்து, "இதுக்குத் தண்ணி வெச்சீங்களா?" என்று கேட்டாள். அந்த ஒரு மாதத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி.

அதனால்தான் பதினேழு நாள்.

நவம்பர் 6, வியாழன்

எடை 42. மழை. நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தில் அரை நாள் விடுப்பு சொன்னேன். காரணம் கேட்டார்கள், வீட்டில் உடம்பு சரியில்லை என்றேன். பொய் இல்லை.

காலையில் எழுந்ததும் காலண்டரில் தாள் கிழிப்பேன். பிறகு பால் காய்ச்சுவேன். கிழித்த தாளின் பின்பக்க ராசிபலனை அவர் படித்து முடித்ததும் அது பொரிக்குப் போகும். கூண்டு சமையலறையில் காலண்டருக்கு நேர் கீழே இருப்பதால் கையை நீட்டினால் போதும். பொரி அதை நார் நாராகக் கிழித்துப் படுக்கை செய்துகொள்ளும். இன்று போட்ட தாள் மாலைவரை முழுசாகவே கிடந்தது.

நவம்பர் 7, வெள்ளி

எடை 41.

இந்து திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். தினமும் மாலை ஏழு மணிக்குக் கூப்பிடுவாள். அதற்கு முன்னால் பொரி சக்கரத்தில் ஓடுகிற வீடியோ அவளுக்குப் போயிருக்க வேண்டும். ஜூலையில் அவள் விடுதிக்குப் போகச் சம்மதித்ததே இந்த ஒப்பந்தத்தின் பேரில்தான்.

இன்று பொரி சக்கரத்தில் ஏறவில்லை. வெள்ளரித் துண்டைக் காட்டினேன். சக்கரத்தை விரலால் சுற்றிக் காட்டினேன். அது ஒரு மூலையில் உட்கார்ந்து, முன்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, சுற்றுகிற சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மணி ஆறு ஐம்பது. நான் எப்போதும் நாலைந்து எடுத்து நல்லதாக ஒன்றை அனுப்புகிறவள். மிச்சமெல்லாம் கைப்பேசியில் அப்படியே இருந்தன. தீபாவளிக்கு முந்தின வாரத்தில் எடுத்தது ஒன்றை அனுப்பினேன். அதே கூண்டு, அதே விளக்கு, பொரி பறக்கிறது. அவள் ஒரு சிவப்பு இதயம் போட்டாள்.

அதன்பின் தோசை ஊற்றினேன். இரண்டு தோசை கருகியது. அவர் கரண்டியை வாங்கிக்கொண்டு என்னை உட்காரச் சொன்னார்.

நவம்பர் 9, ஞாயிறு

எடை 39.

மதியம் அவர் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே இன்னொரு வெள்ளை ஹாம்ஸ்டர். "ஒரே மாதிரிதானே இருக்கு, வசு. இருந்துட்டுப் போகட்டும். ஒருவேளை..." என்றார்.

பொரியின் இடது காதில் ஒரு சின்ன வெட்டு உண்டு. கம்மல் போட மறந்த துளை என்பாள் இந்து. அவளை ஏமாற்ற முடியாது என்று அவரிடம் சொன்னேன். சொல்லிவிட்டுக் கால் மணி நேரம் இரண்டின் காதுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோல் தையல் பெட்டியின் மேலேயே இருந்தது. அதைப் பார்த்தேன் என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. பெட்டியை மூடி, கடையிலேயே கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்று சொன்னபோது என் குரல் கத்தலாக வந்தது. அவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கிளம்பினார்.

நவம்பர் 10, திங்கள்

எடை 39. ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுத்தால் நக்குகிறது.

முதல் பரீட்சை சுமாராக எழுதினாளாம். 'சுமார்' என்றால் எவ்வளவு சுமார் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கக் கூடாது என்பது வீட்டு விதி.

மருந்து அலமாரிச் சாவி என் கழுத்துச் சங்கிலியில் இருக்கிறது. இந்து ஊரில் இல்லாத இந்த நான்கு மாதத்திலும் கழற்றவில்லை. குளிக்கும்போது மார்பில் சில்லென்று படும், பழகிவிட்டது. குளியலறைத் தாழ்ப்பாளையும் போன வருஷம் எடுத்துவிட்டோம். மரம் மழையில் ஊறிவிட்டது என்று வருகிறவர்களிடம் சொல்கிறேன். பொரியின் சொட்டு மருந்தையும் அந்த அலமாரியில்தான் வைத்துப் பூட்டுகிறேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

நவம்பர் 12, புதன்

எடை 36. டாக்டருக்குப் போன் செய்தேன். மருந்தை நிறுத்திவிடலாமா, அதற்கு வலிக்காமல் இருக்கட்டுமே என்றார். நிறுத்த மாட்டேன் என்றேன். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

மாலையில் இந்து பேச்சின் நடுவே, "அம்மா, இன்னிக்கு என்ன தேதி?" என்று கேட்டாள்.

பன்னிரண்டு என்றேன். ஏன் என்றேன்.

"சும்மாதான்" என்றாள். "பொரி நல்லா இருக்கானா?"

நல்லா ஓடறான், நீதான் பார்த்தியே என்றேன்.

"ம். பார்த்தேன்" என்றாள். பிறகு, நான் சாப்பிட்டேனா, தூங்குகிறேனா என்று கேட்டாள். இரண்டு முறை கேட்டாள்.

அவளுக்குத் தேதி மறந்துபோகிறது. போன வருஷம் ஜூனிலும் அவளுக்கு நாள் கிழமை நினைவில் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பள்ளிச் சீருடைக்காரப் பிள்ளைகள் ஏன் தெருவில் இல்லை என்று கேட்டாள். நான் அதைச் சிரித்துத் தள்ளினேன். இப்போது அந்தச் சிரிப்பு என் காதிலேயே கேட்கிறது.

நவம்பர் 13, வியாழன்

எடை 34. விடுதிக் காப்பாளரைக் கூப்பிட்டேன். இந்துஜா நேரத்துக்குச் சாப்பிடுகிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள், எல்லா அம்மாக்களும் பரீட்சை நேரத்தில் இப்படித்தான் என்றார். எல்லா அம்மாக்களும் இப்படி இல்லை என்று சொல்ல முடியவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

காலை ஆறு மணி. தாள் கிழித்தேன். பால் வைத்தேன். பொரியைத் தராசில் வைத்தபோது 32.40 என்று காட்டியது. கடைசி எண் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் மாறிக்கொண்டிருந்தது. மருந்து எடுக்க அலமாரியைத் திறந்து, சிரிஞ்சில் இரண்டு சொட்டு ஏற்றிக்கொண்டு திரும்பினேன். 32.40. மாறவில்லை. தராசு கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பொரியை எடுத்துவிட்டு, அணைத்துப் போட்டு, திரும்ப வைத்தேன். 32.40.

பால் பொங்கி அடுப்பு அணைந்து வாசம் வந்தபிறகே அவர் எழுந்து வந்தார். எரிவாயுவை மூடினார். கொலுசு மடிக்கிற ரோஸ் காகிதம் ஒன்றை எடுத்து வந்து, அதில் வைத்து, நான்கு பக்கமும் மடித்து, பழக்கத்தில் மேலே பென்சிலால் எடையை எழுதினார். எழுதிய பிறகுதான் என்ன எழுதினோம் என்று பார்த்தார். அவர் அழுது நான் பார்த்தது இது இரண்டாவது முறை.

மொட்டை மாடியில் செம்பருத்தித் தொட்டியில் புதைத்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது.

மாலை ஆறு ஐம்பதுக்கு வீடியோ அனுப்பினேன். ஏழு மணிக்கு அவளோடு பேசினேன். நன்றாகப் பேசினேன்.

நவம்பர் 15, சனி

எடை எழுத ஒன்றுமில்லை. ஆனாலும் காலையில் நோட்டைத் திறந்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

துணி துவைத்தேன். காயவில்லை, ஹாலில் கொடி கட்டினோம். கூண்டைக் கழுவலாம் என்று அவர் எடுத்தார், நான் வாங்கி அதே இடத்தில் வைத்துவிட்டேன். அதற்குள் காலண்டர் நார் குவிந்து கிடக்கிறது. நடுவில் அது படுத்த குழி அப்படியே இருக்கிறது.

பழைய வீடியோ இன்னும் நான்குதான் இருக்கிறது. இருபத்தொன்றுவரை ஐந்து நாள். ஒன்றை இரண்டாக வெட்டலாம். இல்லாத ஒன்றை ஓடவைத்துப் பிள்ளைக்கு அனுப்புகிற வேலையை எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறேன் என்பதே பயமாக இருக்கிறது. இருபத்திரண்டாம் தேதி அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே சமையலறைக்குத்தான் போவாள். அங்கே நின்றுவிடுகிறது என் யோசனை. அதற்கு மேல் ஒரு அடி போனாலும் ஆஸ்பத்திரியின் பச்சைத் திரை வருகிறது.

நவம்பர் 18, செவ்வாய்

ஏழு மணிக்கு அவள் கூப்பிடவில்லை. ஏழு ஐந்துக்கு நான் கூப்பிட்டேன், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. விடுதிக் காப்பாளர் எடுக்கவில்லை. ஏழு இருபதுக்கு என் கணவர் வண்டிச் சாவியை எடுத்துவிட்டார். திருச்சி பஸ் பிடித்தால் பத்தரைக்குள் போய்விடலாம் என்றார். நான் இரண்டு கால்களிலும் வேறு வேறு செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். அந்த நேரத்தில் என் மனசில் என்ன ஓடியது என்று எழுத மாட்டேன். ஏழு முப்பத்தைந்துக்கு இந்து கூப்பிட்டாள். படிப்பறையில் இருந்தாளாம், சார்ஜ் போய்விட்டதாம்.

என் மூச்சு மட்டும் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"அம்மா, உக்காரு. உக்காந்தியா? ஒண்ணு கேக்கறேன், பயப்படாம சொல்லு. பொரி எப்போ போச்சு?"

அப்பா சொன்னாரா என்றேன்.

"காலண்டர் சொல்லுச்சு. ஏழாம் தேதி நீ அனுப்புன வீடியோல கூண்டுக்கு மேல பெருசா பதினாறுன்னு இருக்கு. அடுத்த நாள் பாத்தா பதினஞ்சு. நம்ம வீட்டுல மட்டும் நாள் பின்னாடி நடக்குதான்னு பாத்தேன். காப்பி போடறதுக்கு முன்னாடி தாள் கிழிக்கற ஆளு நீ."

பதினோரு நாளாகத் தெரியுமா என்று கேட்டேன்.

"உடம்பு சரியில்லன்னு தெரியும். போனது வெள்ளிக்கிழமைன்னு நெனைக்கறேன். அன்னிக்கு உன் குரல் ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு."

ஏன் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா நீ என்ன ஆயிடுவியோன்னு பயமா இருந்துச்சும்மா." பிறகு மெதுவாகச் சொன்னாள். "ரெண்டு நாள் அழுதேன். அப்புறம் எந்திரிச்சுப் போயி பரீட்சை எழுதினேன். அழறது வேற, அது வேற. எனக்கு வித்தியாசம் தெரியும். உனக்குத்தான் தெரியல."

வைப்பதற்கு முன், குளியலறைக்குத் தாழ்ப்பாள் போடச் சொன்னாள். மழையில் ஊறின கதவு ஒன்றரை வருஷமாகவா காயாமல் இருக்கிறது என்று கேட்டுச் சிரித்தாள்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து பெரிதாக மூச்சுவிட்டார். நான் என் செருப்பைக் கழற்றவில்லை. போன வருஷம் அந்த வியாழனுக்கு முந்தின நாள், புதன்கிழமை மாலையும் அவள் இப்படித்தான் சிரித்துப் பேசினாள்.

நவம்பர் 20, வியாழன்

அவர் தாழ்ப்பாள் வாங்கி வந்தார். திருகாணி முடுக்கும்போது நான் பக்கத்தில் நின்றேன். உள்பக்கம் போட்டால் வெளியிலிருந்து திறக்க முடியாதா என்று கேட்டேன். "அதுக்குப் பேருதான் தாழ்ப்பா" என்றார்.

நவம்பர் 22, சனி

மதியம் வந்தாள். மெலிந்திருக்கிறாள், தலைமுடியை வெட்டியிருக்கிறாள். நேரே சமையலறைக்குத்தான் போனாள். கூண்டின் முன் நின்று, குழி விழுந்த அந்த நாருக்குள் இரண்டு விரலை வைத்துப் பார்த்தாள். அப்புறம் மாடிக்குப் போனோம். என்ன எடை இருந்தது என்று கேட்டாள். "முப்பத்திரண்டு நாப்பது" என்றார் அவர், வாடிக்கையாளரிடம் சொல்வதுபோல. அவர் தோளில் சாய்ந்து அழுதாள். நன்றாக, மூக்கு ஒழுக அழுதாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னை அப்படிப் பாக்காதம்மா, நான் என்ன தராசுலயா இருக்கேன்" என்றாள்.

குளிக்கப் போனாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. இருபத்திரண்டு நிமிஷம். தலை துவட்டியபடி வந்து, அழுததில் தலை வலிக்கிறது, ஒரு மாத்திரை வேண்டும் என்றாள்.

நான் எழுந்தேன். எப்போதும் நான்தான் திறந்து, ஒன்றை எடுத்து, அவள் விழுங்குகிறவரை நின்று, பூட்டுவேன். அவள் கையை நீட்டினாள். மாத்திரைக்கு நீட்டுகிற கை அல்ல என்று தெரிந்தது.

சங்கிலியின் கொக்கி எனக்கு வரவில்லை. அவளே பின்னால் வந்து கழற்றினாள். ஈர விரல்கள்.

அவள் அலமாரி இருக்கும் அறைக்குள் போனாள். நான் சமையலறையில் காலண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பூட்டு திறந்தது. கதவு முனகியது. அட்டையிலிருந்து மாத்திரை பிதுங்கி வருகிற அந்தச் சின்ன 'டப்'. ஒன்று. நான் இரண்டாவதுக்காகக் காத்திருந்தேன். என் உடம்பு முழுவதும் காதாக இருந்தது. பட்டறையிலிருந்து வந்த போனில் அவர் யாரிடமோ வளையம் சிறுத்துவிட்டது என்று பேசிக்கொண்டிருந்தார். வாயை மூடச் சொல்லிச் சைகை காட்டினேன். அவர் நிறுத்தினார்.

இரண்டாவது கேட்கவில்லை. பூட்டு விழுந்தது.

வந்து தண்ணீர் குடித்தாள். என் கழுத்தில் திருப்பிப் போடுவாள் என்று குனிந்தேன். அவள் சங்கிலியை மட்டும் என் கையில் கொடுத்தாள். சாவியைக் காலண்டர் ஆணியில் மாட்டிவிட்டு, ராத்திரிக்கு உப்புமா வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இதை எழுதும்போதே இரண்டு முறை கை கழுத்துக்குப் போய்விட்டது. அங்கே ஒன்றுமில்லை. சாவி ஆணியில் இருக்கிறது, எல்லோருடைய கைக்கும் எட்டுகிற உயரத்தில். பயமாகத்தான் இருக்கிறது. நாளைக் காலை தாள் கிழிக்கும்போது அதை எடுத்துவிடாமல் கிழிக்க வேண்டும்.